எடை ஏற்றாத மாதங்கள்

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் தமிழ்நாட்டுக்காரர்கள் வாங்கிய தங்கங்களைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் இப்போதும் பேச்சு வரும். ஸ்குவாஷ் பெண்கள் இரட்டையரில் தீபிகா பல்லிகலும் ஜோஷ்னா சின்னப்பாவும் வென்றார்கள். காமன்வெல்த் போட்டிகளில் அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். பளுதூக்குதல் 77 கிலோ பிரிவில் சதீஷ் சிவலிங்கம் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். சதீஷ் வேலூர் சத்துவாச்சாரிக்காரர்.

நான் ஆம்பூர்ப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பள்ளியில் புதிதாக ஓர் அணி தொடங்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, சென்னையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் ஸ்குவாஷ் ஆரம்பிக்கலாம் என்றார். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அந்த ஆட்டம் முதல்முறையாக இடம்பெறுகிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் ஆடக் கூடாது என்று கேட்டார். நல்ல கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்குவாஷ் கோர்ட் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் வழுவழுப்பான சுவர் வேண்டும். கூரை ஐந்தரை மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும். இவ்வளவு செலவழித்துக் கட்டினாலும் ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் ஆடலாம். எங்கள் பி.டி. பீரியடில் ஒரு வகுப்புக்கு ஐம்பது பேருக்குக் குறையாமல் நிற்பார்கள்.

பணத்தை எப்படியாவது திரட்டிவிடலாம். என்னைத் தயங்க வைத்தது வேறு. ஜோஷ்னாவும் தீபிகாவும் பயிற்சி பெற்ற இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி சென்னையில் இருக்கிறது. ஆட்டம் தெரிந்த ஆட்களும் பெரும்பாலும் அங்கேதான். ஒரு பையனின் மணிக்கட்டு எங்கே தவறாகத் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. ஓர் அணியைத் தொடங்குகிறவர் முதலில் தேட வேண்டியது, அந்த விளையாட்டை உடம்பால் அறிந்த ஒருவர் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில் இருக்கிறாரா என்பதைத்தான். எங்களுக்கு ஐம்பது கிலோமீட்டரில் சத்துவாச்சாரி இருக்கிறது. அங்கே பளுதூக்குதல் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகிற விஷயம். சதீஷின் அப்பா சிவலிங்கம் தேசியப் போட்டிகளில் தூக்கியவர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் காவலராக வேலை பார்த்தார். மகனுக்கு அவர்தான் வழிகாட்டி. மேடைக்கு வேண்டியதும் 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடம்தான். பள்ளியின் பழைய சைக்கிள் கொட்டகை அதற்குப் போதும்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. குறுவட்டம் முடிந்து மாவட்டப் போட்டி என்றால் நாங்கள் திருப்பத்தூர் திசையில்தான் போக வேண்டும். கற்றுக்கொள்ள மட்டும் இன்றும் சத்துவாச்சாரிக்கே பஸ் ஏறுகிறோம்.

அங்கிருந்து வந்த பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் யோசனை, பாரை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுங்கள் என்பது. பிள்ளைகள் கையில் மூங்கில் குச்சியைக் கொடுத்தோம். அதற்கு எடையே கிடையாது. அதனால் பிழையை மறைக்க முடியாது. ஸ்நாட்ச் என்றால் பாரைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோய், அதன் கீழே ஆழமாகக் குந்தி, பிறகு எழுந்து நிற்பது. பார்க்கிறவர்களுக்குக் கை பலம் போலத் தெரியும். உண்மையில் கை அங்கே வெறும் கயிறுதான். தள்ளுவது காலும் இடுப்பும். முழங்காலைத் தாண்டும்வரை அவசரப்படக் கூடாது. தொடையின் மேல்பகுதிக்கு வந்த பிறகுதான் முழு வேகமும். பிள்ளைகள் எல்லோரும் தரையிலேயே கையை மடக்கி வெடுக்கென்று இழுப்பார்கள். அந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம்.

குச்சி உடம்பை ஒட்டி மேலே போக வேண்டும். ஒரு விரல்கடை விலகினாலும் நாளைக்கு அதில் நாற்பது கிலோ ஏறும்போது ஆளை முன்னால் இழுத்துவிடும். விலகியதா இல்லையா என்று ஐந்து பேரை ஒரே நேரத்தில் என் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் குச்சி முழுக்க சாக்பீஸைத் தேய்த்துவிடுவேன். தூக்கி முடித்ததும் அவரவர் தொடையையும் சட்டையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொடையின் மேலே வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் சரி. கோடே இல்லையென்றால் குச்சி தூரமாகப் போயிருக்கிறது. நெஞ்சில் மட்டும் கோடு இருந்தால் கையால் இழுத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் என்னைக் கேட்பதை விட்டுவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பார்த்துத் திருத்த ஆரம்பித்தார்கள். தனியாள் விளையாட்டு என்று சொல்லப்படுகிற இதில் அணி என்ற ஒன்று எனக்குத் தெரிய வந்தது அப்போதுதான்.

"இன்னா சார், வெறும் குச்சியே குடுக்கறீங்க, எப்ப சார் வெயிட்டு?" என்று தினமும் கேட்பார்கள். பளுதூக்குதல் சொல்லித்தருகிறவரின் வேலையில் பாதி, எடையைத் தராமல் வைத்திருப்பது. பதினான்கு வயதுப் பையனுக்கு உடம்பில் வேகம் ஊறுகிறது, பக்கத்தில் நண்பன் நிற்கிறான், இன்னும் ஐந்து கிலோ ஏற்றினால் தூக்கிவிடுவான் என்று எனக்கும் தெரிகிறது. ஆனால் எப்படித் தூக்குவான் என்பதும் தெரிகிறது. இரண்டு பாதமும் ஒரே சத்தமாகத் தரையில் விழுந்தால்தான் அடுத்த பிளேட். தனித்தனியாக இரண்டு சத்தம் கேட்டால், பார் தலைக்கு மேலே நின்றாலும் அன்றைக்கு அதே எடைதான். பாரை எப்படிக் கைவிட வேண்டும் என்பதையும் தனிப் பாடமாகவே நடத்துகிறேன். முன்னால் போனால் பின்னால் குதி, பின்னால் போனால் முன்னால் குதி, பாரைக் காப்பாற்ற நினைக்காதே. விடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பயமில்லாமல் அடியில் குந்த வரும்.

அந்தக் குந்துதலில் எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் குந்தித் துணி துவைத்து, பாத்திரம் தேய்த்து வளர்ந்த கணுக்காலும் இடுப்பும் அவர்களுடையவை. குதிகால் தூக்காமல் அடிவரை இறங்குவார்கள், அதுவும் முதல் நாளிலேயே.

எங்கள் மாணவர்களில் பலருடைய அம்மாக்கள் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர்கள். காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அப்பாக்களில் சிலர் டேனரியில். ஒரு சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பு மாணவியைக் கூட்டிப்போக வந்த அவளுடைய அப்பா கொட்டகை ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்மிலிருந்து ஊறிய தோலை இழுத்துப் போடுகிற வேலை அவருக்கு. மகள் முதுகை நேராக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, காலால் தள்ளி எழுந்தாள். "நாங்க இடுப்ப மடக்கித்தான் சார் இழுப்போம். யாரும் இப்பிடி சொல்லிக்குடுக்கல" என்றார். "வாங்க பாய்" என்று ஒரு குச்சியைக் கையில் கொடுத்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் பின்னால் நின்று, "கீழ பாக்காத வாப்பா, எதுக்க பாரு" என்று திருத்தினாள். தண்ணீரில் ஊறிய மாட்டுத்தோல் ஒன்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆரம்பத்தில் தூக்குகிற பாரைவிட எடை குறைந்தது இல்லை. அவர் அதை நாள் முழுக்கத் தூக்குகிறார்.

எங்கள் பெல்ட்டும் அவர்கள் வழியாகத்தான் வந்தது. பளுதூக்கும் பெல்ட் 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இங்கே பெரும்பாலும் ஷூவுக்கான மெல்லிய குரோம் தோல்தான் ஓடுகிறது. அது மிருதுவானது, இழுத்தால் நீளும், வயிற்றை இறுக்கிப் பிடிக்காது. பெல்ட்டுக்குத் தடித்த எருமைத் தோல், அதுவும் பட்டையில் பதனிட்டது வேண்டும். குரோம் வருவதற்கு முன் நம் ஊர்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிட்டார்கள். அந்த வகைத் தோல் விறைப்பாக நிற்கும். ஒருவர் எங்கிருந்தோ ஒரு துண்டு தேடிக்கொண்டு வந்தார். இன்னொருவர் வெட்டித் தைத்துக் கொடுத்தார். சாதாரண கேன்வாஸ் ஷூவின் குதிகாலில் தோல் அடுக்கி ஒட்டி உயர்த்தியதும் அவர்கள் கைவேலைதான். குதிகால் அமுங்காமல் இருந்தால்தான் கால் தள்ளுகிற விசை முழுதாகத் தரைக்குப் போகும். மெத்தென்ற ஓட்டக்காரர் ஷூ இதற்கு ஆகாது.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கத்தான் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. உயரம் வளராது, கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று பாட்டிகள் சொன்னார்கள். அவர்களுடைய பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. குடம் சுமந்து இடுப்பு போன பெண்களைப் பார்த்தவர்கள் அவர்கள். சரியாகச் சொல்லித்தந்து, கூடவே ஒருவர் நின்று, படிப்படியாக எடை ஏற்றினால் வளர்ச்சி தடைப்படாது என்பது மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னது. அதையும் சொன்னேன், 2000 சிட்னியில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரியையும், டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கிய மீராபாய் சானுவையும் காட்டினேன். முஸ்லிம் வீடுகளில் கேட்டது உடையைப் பற்றி. அதற்கும் பதில் இருந்தது. கல்சூம் அப்துல்லா என்ற அமெரிக்க வீராங்கனை கேட்டுப் போராடிய பிறகு, 2011-இல் சர்வதேசப் பளுதூக்கும் சம்மேளனம் கையும் காலும் மூடிய உடையை அனுமதித்தது. முழங்கை நேராகிறதா என்று நடுவர் பார்க்கும்படி உடம்போடு ஒட்டி இருந்தால் போதும். எனக்கு அன்று தெரிந்த எந்தப் பயிற்சி நுணுக்கத்தையும்விட இந்த ஒரு விதி அதிகம் பயன்பட்டது.

சாப்பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். சத்துணவு முட்டை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும்தான் உடம்பு அதிகம் கேட்கிறது. வேர்க்கடலை, சுண்டல், முட்டை, சாப்பிடுகிற வீடுகளில் மாட்டுக்கறி, இவை போதும். டப்பா பவுடர்கள் பக்கமே போகக் கூடாது என்று முதல் வாரமே சொல்லிவிடுவேன். ஊக்கமருந்தும் நிர்வாகக் குளறுபடியும் சேர்ந்து இந்த விளையாட்டையே 2028 ஒலிம்பிக்கிலிருந்து தூக்கிவிடுகிற நிலைக்குக் கொண்டுபோயின. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில்தான் இடம் உறுதியானது. ஸ்குவாஷ் உள்ளே வந்ததும் அதே கூட்டத்தில்தான். எடைப் பிரிவுக்காகத் தண்ணீர் குடிக்காமல் உடம்பை வற்ற வைப்பதையும் நான் அனுமதிப்பதில்லை. வளர்கிற பிள்ளை வளர்ந்து மேல் பிரிவுக்குப் போகட்டும்.

போட்டி நாளில் ஆளுக்கு ஸ்நாட்சில் மூன்று முயற்சி, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று. மூன்று நடுவர்களில் இருவர் வெள்ளை விளக்குப் போட்டால் செல்லும். முதல் முயற்சிக்கு நான் எழுதிக் கொடுக்கிற எடை, காய்ச்சலோடு வந்தாலும் அந்தப் பிள்ளை தூக்கிவிடுகிற எடை. பிள்ளைகள் முறைப்பார்கள். அவர்களுக்கு 2018 கோல்ட் கோஸ்ட் கதையைச் சொல்வேன். சதீஷ் அங்கே தொடைக் காயத்தோடு இறங்கினார். ஸ்நாட்சில் அவர் 144, இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145. ஒரு கிலோ பின்தங்கியிருந்தும் சதீஷ் பதறி எடையை ஏற்றவில்லை. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 173 தூக்கினார். ஆலிவர் 167-க்கு மேல் போக முயன்று தவறவிட்டார். 317-க்கு 312, இரண்டாவது தங்கம். நான்கு ஆண்டுகளுக்கு முன் தூக்கியதைவிடப் பதினொரு கிலோ குறைவு, ஆனாலும் தங்கம். இதைக் கேட்ட பிறகு பெரும்பாலும் என் சீட்டைப் பேசாமல் வாங்கிக்கொள்வார்கள்.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதைப் பெற்றோரிடம் நான் மறைப்பதில்லை. அதற்காகவே அனுப்புகிறவர்கள் உண்டு, அதில் தப்பும் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கம்பெனி வண்டி ஏறிவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் சிலர் ஷிப்ட் முடிந்து வந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சட்டையில் சாக்பீஸ் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியது பெண்களுக்கான 15 கிலோ பார். ஆண்கள் பார் 28 மில்லிமீட்டர் தடிமன், பெண்களுடையது 25. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பூட்டிப் பிடிக்கிற பிடி, சின்னக் கைக்கு அந்த மூன்று மில்லிமீட்டரில்தான் கிடைக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த முன்னாள் மாணவரும் பாதி தருகிறேன் என்றிருக்கிறார்.