மனையலகும் திருவலகும்

சைவ நன்மக்கள் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நால்வகை நெறிகளையும் நன்கறிவர். அவற்றுள் சரியை முதற்கண் நிற்றலின், அஃது எளிதென்றும் கற்றார்க்கு வேண்டாததென்றும் சிலர் கருதிவிடுகின்றனர். முதியவர் ஒருவர் வாழ்வில் நிகழ்ந்ததொன்று அக்கருத்தின் பிழையைக் காட்டும்.

அவர் திருமடமொன்றிற் சாத்திரம் பயின்றவர். பல்லாண்டு தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர். சிவஞானசித்தியார் எட்டாஞ் சூத்திரத்துத் தாதமார்க்கப் பகுதியை அவைதோறும் விரித்துரைத்தவர். ஆயினும் துடைப்பத்தைக் கையால் தொட்டறியாதவர்.

2018ஆம் ஆண்டு, பன்னீராண்டிற்கொருமுறை மலரும் குறிஞ்சி பழனி மலைத்தொடரிற் பூத்த காலத்து, அவர் தம் மனைவியாருடன் கொடைக்கானலில் ஒரு சிறு வீட்டில் தங்கினார். லீலாவதி இராமநாதன் அம்மையார் 1936ஆம் ஆண்டு எடுப்பித்த குறிஞ்சியாண்டவர் திருக்கோயிலுக்கு இருவரும் நாடோறும் சென்றனர். மூடுபனி விலகும் வேளையில் அங்கு நின்றே பழனிப்பதியைக் கண்டு தொழலாம்.

ஒருநாள் காலை, மழையில் நனைந்த படியில் அம்மையார் வழுக்கி வீழ்ந்து காலெலும்பு முறிந்தார். ஆறு வாரம் எழலாகாதென்றனர் மருத்துவர். வீட்டுப்பணி முழுதும் முதியவர் மேல் வந்தது. பால் பொங்கி வழிந்தது, சோறு அடிப்பிடித்தது, குளிர்ந்த நீரிற் கை விறைத்தது. "சாத்திரம் பிடித்த கைக்கு இதுவோ தொழில்!" என்று முணுமுணுத்தார்.

படுக்கையிலிருந்த அம்மையார் நகைத்து, "அப்பர் சுவாமிகள் கையில் உழவாரம் இருந்ததென்று ஊரெங்கும் சொன்னீர்களே, அதைப் பிடிக்க அவர் எத்தனை நாள் பழகினாரோ!" என்றார்.

அச்சொல் முதியவரைத் தைத்தது. தாதமார்க்கம் அலகிடலில் தொடங்கி, திருவேடங்கொண்டாரைக் கண்டால் தாம் செய்யத்தக்க பணி யாதென வினவி அதனைச் செய்தலில் முடிகின்றதன்றோ? நெற்றியில் நீறு துலங்கக் கிடந்தவரும் ஓரடியாரே என்பதை அவர் அன்றுதான் கண்டார். இளையான்குடி மாற நாயனார் நள்ளிரவில் மழையிற் சென்று முளைநெல் வாரிவந்ததை அவர் பலகால் உருகியுரைத்தவர். அந்நெல்லை வறுத்துக் குற்றி அடிசிலாக்கி, கீரையைப் பல்வகைக் கறியாக்கிய மனைவியாரை மட்டும் ஒரு வாக்கியத்திற் கடந்துவிடுவார். திருவதிகையில் தம்பியார் மீளுமுன்னரே திலகவதியார் அலகிட்டு மெழுகிக் காத்திருந்ததும் அவர் நினைவில் எழுந்தது.

மனைத்தொழில் பந்தமன்றோ எனின், அன்று. பந்திப்பது தொழிலன்று, 'யான் செய்கின்றேன்' என்னும் செருக்கேயாம். அச்செருக்கு நீங்கி இறைபணியில் நிற்றலைச் சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரம் உணர்த்தும்.

அன்றுமுதலும் நீர் குளிர்ந்தே இருந்தது; சோறும் சிலநாள் குழைந்தே இருந்தது. உள்ளம் மட்டும் வேறாயிற்று. விடியலில் கூட்டி, விளக்கேற்றி, கஞ்சி வார்த்துக் கொடுத்து, "இன்னும் யாது வேண்டும்?" என்று வினவும்பொழுது, அவையோர் பாராட்டிலும் காணாததோர் இன்பம் அவருக்கு வாய்த்தது.

அம்மையார் நலமுற்று எழுந்து துடைப்பத்தை நாடியபோது, அவர் அதனைக் கொடுத்திலர். இன்றும் காலையலகு அவர் பணியே. இந்நெறியைப் பெண்டிர்க்கு மட்டும் அறிவுறுத்தும் ஆடவர், அதனைத் தாமும் ஒருநாள் கைக்கொண்டு காண்பாராக.

திருச்சிற்றம்பலம்.