ஆயிரம் அடி இடைவெளி

வானத்துக்கு வேலி ஏது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், அக்காள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சியில் சேரும்வரை. விடுமுறைக்கு வந்தவள் பாடக்குறிப்பை என்னிடம் தந்து கேள்வி கேட்கச் சொன்னாள்.

வான்வெளியை ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ‘ஏ’யில் கருவி விதிப்படி பறக்கும் விமானங்களுக்கே இடம், எல்லாவற்றையும் விலக்கி வைப்பது கட்டுப்பாட்டாளரின் பொறுப்பு. ‘ஜி’யிலோ கேட்டால் தகவல் கிடைக்கும், விலகிக்கொள்வது விமானியின் பாடு. நம் கல்லூரி வாசல் பேருந்து நிறுத்தம் ‘ஜி’ வகுப்பைச் சேர்ந்தது என்பது என் தாழ்மையான கருத்து!

‘டி’யில் அக்காள் தடுமாறினாள். அங்கே கருவி விதிப்படி பறப்பவற்றை ஒன்றிடமிருந்து ஒன்று பிரிக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பறப்பவற்றைப் பற்றித் தகவல் சொன்னால் போதும். மாற்றிச் சொல்லிவிட்டாள்.

“ஒரு மார்க்குதானே அக்கா” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

1996 நவம்பர் 12. டில்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரி. சவூதி விமானத்துக்கு 14,000 அடி, எதிரே வந்த கசகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று உத்தரவு. கசகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர்.

“கட்டுப்பாட்டாளர் சரியாகத்தான் சொன்னாரடா. சரியாகச் சொல்லியே இப்படி” என்றாள்.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு குறிப்பை என் பக்கம் தள்ளினாள். மறுபடி ‘ஏ’யிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.