பதினாறு வயதிலிருந்து எழுதவும்

டெல்லி துவாரகாவில் ஒரு மூன்றாம் மாடி வீடு. சாப்பாட்டு மேஜையில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று விரிந்து கிடக்கிறது. அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான விண்ணப்பம், பதினாறு வயதிலிருந்து வசித்த எல்லா முகவரிகளையும் கேட்கிறது. கணினியில் ஏற்றுவதற்கு முன் நோட்டில் எழுதிப் பார்க்கிறார் 67 வயதான அந்த அம்மாள். மூன்று நாட்களில் 14 முகவரிகள் தேறியிருக்கின்றன.

"கல்கத்தாவில் குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரைக்கும் வாடகை வீட்டில் இருந்தோமே, அதை எழுதினியா?" என்று உள்ளிருந்து குரல் கொடுக்கிறார் கணவர். 15.

அவர் மத்திய அரசின் கணக்குத் துறையில் இருந்து 2014இல் ஓய்வு பெற்றவர். 1979இல் கல்யாணம் முடிந்து, மன்னார்குடிப் பெண் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் நாக்பூர் வந்து இறங்கினார். பிறகு ஷில்லாங், கல்கத்தா, பம்பாய், டெல்லி. தெரு எண்கள் மறந்துவிட்டன. ஆனால் எந்த ஊரில் காப்பிப் பொடி எங்கே கிடைத்தது என்பது மறக்கவில்லை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட், பம்பாயில் மாதுங்கா, டெல்லியில் கரோல்பாக். ஷில்லாங்கில் மட்டும் திண்டாட்டம். கௌஹாத்தியில் ரயிலை விட்டு இறங்கி 100 கிலோமீட்டர் மலையேற வேண்டிய ஊர். விடுமுறைக்கு ஊருக்குப் போய் வருபவர்களின் பையில்தான் பொடி வந்து சேரும். நான்கு தமிழ்க் குடும்பங்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

அரசுக் குடியிருப்புகளிலும் ஒரு வகையான சாதி அடுக்கு உண்டு. டைப் 2, டைப் 3 என்று பதவியோடு வீடும் ஏறும். அதனால் ஊர் மாறாத வருடங்களிலும் இவர்கள் மூட்டை கட்டினார்கள். டெல்லியில் மட்டும் நேதாஜி நகர், சரோஜினி நகர், ஆர்.கே.புரம் என்று மூன்று வீடுகள். காலி செய்யும் நாளன்று 'இன்க்வயரி ஆபீஸ்' ஆள் வந்து மின்விசிறிகளையும் குழாய்களையும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்குவார். பிள்ளை வளர வளரச் சுவரில் போட்ட பென்சில் கோடுகள் கணக்கில் வராது. அடுத்த வெள்ளையடிப்பில் அவை போய்விடும்.

இப்போது சுவரே இல்லை. டெல்லியின் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதில் நேதாஜி நகரும் சரோஜினி நகரும் அடக்கம். 2018இல் அங்குள்ள மரங்களை வெட்டக் கூடாது என்று மக்கள் திரண்டபோது, இந்த அம்மாளும் போய் நின்றார். தன் வீட்டு வாசலில் இருந்த வேப்பமரத்துக்காக என்கிறார். உயர் நீதிமன்றம் அப்போது வெட்டுவதற்குத் தடை விதித்தது. வீடு தப்பவில்லை. "இல்லாத வீட்டு நம்பரை எழுதினா ஒத்துக்குவானா?" என்பதுதான் அவருடைய இப்போதைய சந்தேகம்.

நியூஜெர்சியிலிருந்து மகன், "வசித்ததைத்தானே கேட்கிறார்கள், எழுதும்மா" என்கிறார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுப் பெற்றோரை அழைத்துக்கொள்பவர் அவர்தான். மாற்றலாகும் ஊழியர்களின் குழந்தைகளுக்காக 1963இல் தொடங்கப்பட்ட கேந்திரிய வித்யாலயா பள்ளிகள்தான் அவரைப் படிக்க வைத்தன. எந்த ஊருக்குப் போனாலும் பாடம் ஒன்றே. இந்தியும் ஆங்கிலமும் சரளம், வங்காளமும் பேசுவார். தமிழ் காதுக்கும் வாய்க்கும் மட்டும்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அம்மா எழுதிய கடிதங்களை அவர் படித்ததே இல்லை. பேத்திக்காவது 'அ'னா சொல்லித்தர வேண்டும் என்று அரிச்சுவடி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார் பாட்டி. பெட்டிக்குள் முதலில் போனது அதுதான்.

கணவருக்கு வேறு கவலை. பணியில் இருந்தவரை எந்தப் படிவத்திலும் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் திருவையாறு பக்கத்துப் பூர்வீக வீட்டையே எழுதி வந்தார். அதை விற்றுப் பல வருடங்களாகின்றன. ஒரு நாள்கூட மனைவி அங்கே குடியிருந்ததில்லை. "அதை மட்டும் நான் எழுத மாட்டேன்" என்கிறார் அவர், சிரிக்காமல்.

எல்லா மாற்றல்களிலும் கூட வந்த இரும்பு டிரங்குப் பெட்டி இந்தத் தடவை வராது. மூடியில் வெள்ளை பெயிண்டில் 'ஷில்லாங்' என்று எழுதி, அதை அடித்து 'கல்கத்தா', அதையும் அடித்து 'பம்பாய்'. கபாடிக்காரர் தூக்கிப் பார்த்து ஒரு விலை சொன்னார். கணவர் பேரம் பேசவில்லை. ஆள் படியில் இறங்கும்போது அம்மாள் கூப்பிட்டு நிறுத்தி, பூட்டை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார்.