கதவிடுக்கில் குளிர்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கல்வியியல் முதுகலை படித்தபோது, பழைய செங்கல் வரிசைவீடு ஒன்றில் நாங்கள் மூன்று மாணவர்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஆண்டு முழுவதும் மின்விசிறி சுழலும் சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு, வீட்டுக்குள்ளேயே மூச்சு ஆவியாகத் தெரிந்தது புதுமைதான்.

எரிவாயு மீட்டரில் முன்கூட்டியே பணம் நிரப்ப வேண்டும். பணம் தீர்ந்தால் வெப்பமூட்டியும் நின்றுவிடும். ஆகவே, ஏறிய சூட்டைக் காப்பதே எங்கள் கவலையாயிற்று. அதற்கு வழி சொன்னவர் பக்கத்து வீட்டுப் பாட்டி. ஈர விரலைச் சன்னல் சட்டத்தின் ஓரமாக நகர்த்தினால், சில்லென்று படும் இடத்தில்தான் காற்று நுழைகிறது என்றார். அங்கெல்லாம் நுரைப்பட்டை ஒட்டினோம். பழைய காலுறையில் கந்தல் துணியை அடைத்துக் கதவின் அடியில் கிடத்தினோம். பார்ப்பதற்குக் கொழுத்த பாம்புபோல் இருக்கும்! இருட்டுமுன் தடித்த திரைகளை மூடிவிடுவோம். சுவரிலுள்ள காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கக்கூடாது. அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை படரும்.

வீட்டினுள் 18 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் கூடத்தில் 15ஐத் தாண்டாத நாள்கள் உண்டு. கம்பளிச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்து நாங்கள் சமாளித்தோம். முதியவர்களுக்கு அது போதாது. குளிரில் இரத்த அழுத்தம் உயரும். ஓய்வூதியத்தில் வாழ்ந்த அந்தப் பாட்டியோ, மாதக் கடைசியில் உணவா வெப்பமா என்று கணக்குப் பார்ப்பார். வெந்நீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே அறையில் முடங்கியிருப்பார்.

அத்தகைய நாள்களில் அவரை எங்கள் கூடத்துக்கு அழைத்துக்கொள்வோம். நால்வருக்கும் ஒரே வெப்பமூட்டி. தேநீரும் பிஸ்கட்டும் அவர் கொண்டுவருவார். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.