புதுப்பேட்டையிலே ஒரு சில்லு

சென்னைக்குப் போய் வருவோர் கபாலீசுவரர் கோயிலையும் மெரீனாக் கடற்கரையையும் தியாகராய நகர்ப் புடவைக் கடைகளையும் கண்டு மீளுவதே வழக்கம். நாமும் பலமுறை அவ்வாறே மீண்டவர்கள்தாம். ஆனால், சென்ற பயணத்திலே நாம் நெடும்பொழுதைக் கழித்த இடம் யாத்திரிகர் எவரும் விரும்பித் தேடிச் செல்லாத ஓர் இடமாகும். எழும்பூர்ப் புகையிரத நிலையத்துக்கு அண்மையில், கூவம் ஆற்றை அடுத்துள்ள புதுப்பேட்டையே அது. அங்கே நாம் நாடிச் சென்றது ஒரு மோட்டார் சைக்கிளுக்குரிய சில்லு.

இதற்குக் காரணமாயிருந்த குடும்பச் செய்தியை முதலிற் சொல்லிவிட வேண்டும். எமது தங்கையும் அவள் கணவரும் 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்று, சென்னை வளசரவாக்கத்திலே குடியேறியவர்கள். மைத்துனர் ஊரிலே ஆங்கில நாட்டு மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். புறப்பட்ட இரவில் அதை அயல்வீட்டு மாட்டுக் கொட்டிலிலே நிறுத்தி, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டுச் சென்றார். அதன்பின் அவர் அதைக் காணவில்லை. 2013இல், கையிற் சிறிது பணம் சேர்ந்தபோது, அவர் வாங்கியது றோயல் என்பீல்ட் நிறுவனத்தாரின் ‘கிளாசிக்’ வண்டி. புதிய வண்டியேயாயினும் பழைய சாயலிலே செய்யப்பட்டது. உருண்டைத் தலைவிளக்கும், கண்ணீர்த்துளி போன்ற எண்ணெய்த் தாங்கியும், வெள்ளிபோல் ஒளிரும் கம்பிச் சில்லுகளும் உடையது. கொட்டிலில் விட்டு வந்த வண்டியைத் திரும்பப் பெற்றவர் போல அவர் மகிழ்ந்தாராம். 2021இல் அவர் காலமானார். வண்டி மகனுக்கு வந்தது.

சென்ற மாரியில் ஓரிரவு தாயைப் பின்னே ஏற்றி வருகையில், மழைநீர் மூடியிருந்த பள்ளமொன்றிலே பின்சில்லு விழுந்தது. ரியூப் வெடித்துக் காற்று முழுவதும் ஒரே கணத்தில் இறங்கிவிட, வண்டி பாம்புபோல் நெளிந்து சரிந்தது. மகன் சிராய்ப்போடு தப்பினான். தங்கையின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

நாம் சென்றிறங்கிய அன்றிரவே வழக்கு எம்முன் வந்தது. “மாமா, அம்மாவின் கை முறிந்தது அந்தக் கம்பிச் சில்லாலேதான். ரியூப் இல்லாத ரயர் பூட்டக்கூடிய வார்ப்புச் சில்லு இரண்டும் வாங்கிப் பூட்டப் போகிறேன்,” என்றான் மருமகன். கட்டுப் போட்ட கையுடன் இருந்த தங்கையோ, “அண்ணை, அவர் ஞாயிறு தவறாமல் இருந்து துடைத்த சில்லு அது. அதைக் கழற்றி எறிந்தால் அது அவருடைய வண்டியாயிராது. அதற்கு விற்றுவிடுவதே மேல்,” என்றாள். அடிபட்டவள் பழையதைக் காக்க, ஓட்டியவன் புதியதைக் கேட்க, தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு தாய்மாமனாகிய எம் தலையில் விழுந்தது.

வாசகர்களுள் மாணவர்களும் இருப்பராதலால் இவ்விருவகைச் சில்லுகளின் வேறுபாட்டைச் சிறிது விளக்குவோம். கம்பிச் சில்லிலே நடுவிலுள்ள குடத்தையும் வெளிவட்டத்தையும் இழுத்துப் பிணைத்து நிற்பவை மெல்லிய எஃகுக் கம்பிகள். மாட்டு வண்டியின் ஆரக்கால் பாரத்தைத் தாங்கி நிற்பது; இக்கம்பிகளோ இழுவிசையினாலே வேலை செய்வன. குடத்திலிருந்து நேராகச் செல்லாமல் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் முறையை 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்ராலி என்பவர் துவிச்சக்கர வண்டிக்கென உரிமைப் பதிவு செய்தார். முடுக்கும்போதும் தடுக்கும்போதும் குடத்தில் உண்டாகும் முறுக்கத்தைச் சாய்ந்த கம்பிகளே நன்கு தாங்கும். பள்ளத்தில் விழுந்தால் இச்சில்லு வளைந்து கொடுக்கும்; வளைந்ததைத் தெருவோரத்துத் தொழிலாளியும் நிமிர்த்தி விடலாம். குறை யாதெனில், கம்பி நுழையும் துளைகளினூடே காற்றுக் கசியுமாதலால் பெரும்பாலும் உள்ளே ரியூப் இருக்க வேண்டும். ரியூப் கிழிந்தால் காற்று அத்துளைகளின் வழியே பட்டென்று வெளியேறும்.

வார்ப்புச் சில்லு அலுமினியக் கலப்புலோகத்தில் ஒரே வார்ப்பாகச் செய்யப்படுவது. துளையில்லாமையால் ரயரே காற்றை அடக்கி நிற்கும். ஆணி தைத்தாலும் அவ்வாணியே அடைப்பாக இருந்து, காற்று மெதுவாகவே இறங்கும். சில்லைக் கழற்றாமலே வெளியிலிருந்து அடைத்துவிடலாம். இரவில் தனியே பழைய மகாபலிபுரம் சாலை வழியே வேலையிலிருந்து திரும்பும் இளைஞனுக்கு இது சிறிய நன்மையன்று. ஆனால், பலத்த அடிபட்டால் அது வெடிக்கும். வெடித்ததை ஒட்டவைத்து ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

மறுநாட் காலை மவுண்ட் றோட்டிலிருந்து பிரியும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக்குச் சென்றோம். மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் நெருங்கிய தெரு அது. முதற் கடையிலே, “கிளாசிக் வண்டிக்குப் பின்சில்லு வேண்டும்,” என்றோம். கடைக்காரர் திகைத்தார். மருமகன் சிரித்துக்கொண்டே, “வீல் கேட்கிறார்,” என்றான். நாம் சில்லு என்றால் அங்கே உடைந்த ஓட்டுத்துண்டாம்! நல்ல தமிழ்ச் சொல்லைப் பேசி உடைந்த பொருள் கேட்டவராயினோம்.

அங்கே காட்டப்பட்டவை மூன்று வகை. முதலாவது, 2018இல் இதே நிறுவனத்தார் தண்டர்பேர்ட் எக்ஸ் என்னும் வண்டிகளுக்குப் பூட்டிய வார்ப்புச் சில்லு. அவை ஆலையிலிருந்தே வார்ப்புச் சில்லோடு வந்த வண்டிகள். ஆயினும், அவற்றின் பின்தடை தட்டு வகை. எமது 2013ஆம் ஆண்டு வண்டியின் பின்தடையோ பீப்பாய் வகை. சில்லுக்காகத் தடையமைப்பையே மாற்றுவது குல்லாய்க்காகத் தலையைச் செதுக்குவதற்கு ஒப்பாகும். இரண்டாவது வகை கறுத்து மினுங்கியது, விலையும் மலிவு. திருப்பித் திருப்பிப் பார்த்தும் செய்தவர் பெயரோ, அளவோ, வார்த்த திகதியோ, தரமுத்திரையோ அதிலே காணப்படவில்லை. “எல்லாரும் இதைத்தான் மாட்டுகிறார்கள், சார்,” என்றார் விற்பனையாளர். பெயர் சொல்ல நாணுகின்ற உலோகத்தின்மேல் தங்கையை ஏற்ற எமக்குத் துணிவு வரவில்லை. மூன்றாவது, பெயரும் முத்திரையும் தெளிவாகப் பொறித்த ஒரு சோடி. பீப்பாய்த் தடைக்கும் பொருந்துவது. விலை மருமகனின் ஒரு மாதச் சம்பளத்திற் பாதி. முற்பணம் கொடுக்க அவன் கை பையை நோக்கிச் சென்றது. “பழைய சில்லை அறிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு வருவோம், தம்பி,” என்று தடுத்தோம்.

அவ்வாறுதான் புதுப்பேட்டைக்கு வந்தோம். அதன் சந்துகளை எவ்வாறு வருணிப்பது! ஒரு கடை முழுவதும் கதவுகள். இன்னொன்றில் கண்ணாடிகள் மாத்திரம். மற்றொன்றிலே தலைவிளக்குகள் கூடை கூடையாகக் குவிந்து, குருட்டுக் கண்களால் எம்மைப் பார்த்தன. ஓடியோய்ந்த கார்கள் தெருவிலேயே உரிக்கப்பட்டு, நண்பகலுக்குள் உறுப்புறுப்பாகப் பிரிந்து வெவ்வேறு கடைகளுக்குப் போய்ச் சேர்கின்றன. கறுத்த எண்ணெய் ஊறிய மண்ணில் எமது வெள்ளை வேட்டி பட்ட பாட்டை எழுதாமல் விடுகின்றோம்.

சந்தின் கோடியிலே, அகன்ற கதவளவு இடத்தில், ஒரு பெரியவர் சில்லுக் கட்டிக்கொண்டிருந்தார். அவரை மருமகன் ‘பாய்’ என்று அழைத்தான். அவருடைய தொழிலை அங்கே ‘கோட்டம் எடுத்தல்’ என்கின்றனர். கோட்டம் என்பது வளைவு. வள்ளுவர் ஆண்ட சொல். புத்தகத்தில் மாத்திரம் நாம் கண்டிருந்த சொல் இரும்புத் தூசியினிடையே உயிரோடிருப்பதைக் கேட்டு உவந்தோம்.

பாய் வளைந்த விளிம்பை முதலிற் பார்க்கவில்லை. ரயரை நெம்பிக் கழற்றி, உட்புறத்திலே கம்பி முனைகளை மூடியிருக்கும் றப்பர் நாடாவை விரலால் உரித்தார். அது உளுத்த ஓலைபோல் உதிர்ந்தது. அதன் அடியில் நான்கைந்து கம்பி முனைகள் துருவேறிக் கூராய் நின்றன. கிழிந்த ரியூபை அவற்றின்மேல் வைத்துக் காட்டினார். கிழிசலும் கூர்முனையும் பூட்டும் திறப்பும்போல் பொருந்தின.

“பள்ளம் கடைசித் தள்ளு மட்டும்தான், ஐயா. இந்த வேலை ஓரிரண்டு வருடமாய் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. முன்பு யாரோ இதை நன்றாய்ப் பார்த்திருக்கிறார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்,” என்றார்.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. மைத்துனர் ஞாயிறுதோறும் பழந்துணியும் எண்ணெயுமாக இருந்து கம்பி கம்பியாய்த் துடைத்ததை நாமும் கண்டிருக்கின்றோம். அழகுக்காகச் செய்கிறார் என்றே எண்ணியிருந்தோம். துடைத்தவாறே சாவியினால் ஒவ்வொரு கம்பியையும் அவர் தட்டுவார். அதையும் விளையாட்டென்றே கொண்டோம். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும் என்பதைப் பாய் தட்டிக் காட்டியபோதே அறிந்தோம்.

“எதைப் பூட்டலாம்?” என்று வினவினோம்.

“துடைக்க ஆள் இருந்தால் கம்பி. நேரமில்லை என்றால் வார்ப்பு. இரண்டும் நல்லதுதான்.”

எமது கருத்தையும் ஒளிக்காமற் சொல்வோம். வேறோர் இளைஞன் கேட்டிருந்தால், அந்த மூன்றாவது சோடியையே வாங்கச் சொல்லியிருப்போம். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடி, இரவிலே களைத்து வருபவன் கம்பிகளைத் தட்டிக் கேட்பான் என்று எதிர்பார்ப்பது எளிதன்று. ஆகவே நாம் வாய் திறவாமல் நின்றோம். சிறிது நேரம் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த மருமகன், “கம்பியே கட்டுங்கள், பாய். எப்படிப் பார்ப்பதென்று எனக்கும் சொல்லித் தாருங்கள்,” என்றான்.

அதன்பின் பொருள் தெரிவு நடந்தது. குடம் நல்ல நிலையில் இருந்தமையால் அது தப்பியது. புது விளிம்பு 18 அங்குலமாக மாத்திரம் இருந்தாற் போதாது; அகலமும் துளைகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும்; அத்துளைகளும் அந்தக் குடத்திலிருந்து கம்பி வரும் திசையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு மாறினால் கம்பி கழுத்தில் மடிந்து விரைவில் முறியும். விளிம்புக்குக் குரோமியம் பூசிய எஃகையும், கம்பிகளுக்குக் கடற்காற்றிலே துருவேறாத எவர்சில்வரையும் தெரிந்தார். ரியூபும் நாடாவும் புதியனவே என்று கண்டிப்பாகக் கூறினார். காற்றழுத்தம் குறையவிட்டால் ரயர் விளிம்பிலே வழுக்கி ரியூபின் வாயைப் பிய்த்துவிடும் என்றும் எச்சரித்தார். முன்சில்லுக்கு நாடாவும் ரியூபும் மாற்றினாற் போதும் எனத் தீர்ந்தது. “இரண்டு நாளில் வாருங்கள்,” என்றார்.

இடையில் கிடைத்த நாளிலே, இவ்வண்டியின் பிறந்தகத்தைக் காணத் தங்கையையும் அழைத்துச் சென்றோம். வடபழனியில் மெட்ரோ வண்டியேறி, சென்ட்ரலில் மாறி, திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கினோம். தியாகராசர் சந்நிதியிலும் வடிவுடையம்மன் சந்நிதியிலும் வழிபட்டபின், கடலருகே பட்டினத்தார் அடங்கிய இடத்துக்கும் சென்றோம். 1955இல் மெட்ராஸ் மோட்டர்ஸ் நிறுவனம் ஆங்கில என்பீல்டாரோடு கூட்டுச் சேர்ந்து, வண்டிகளைப் பொருத்தவும் பின்னர் செய்யவும் தொடங்கியது இத்திருவொற்றியூரை இடமாகக் கொண்டேயாகும். இங்கிலாந்தின் றெடிச் நகரத்தில் 1901இல் தம் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த மூல நிறுவனம் 1970இல் தொழிலை நிறுத்திவிட்டது. பிள்ளை வீட்டிலே மாத்திரம் குடிப்பெயர் நிலைத்தது. 1994இல் அது ஐச்சர் நிறுவனத்தோடு இணைந்தது; 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள் எழுந்தன.

றெடிச் என்பது ஊசித் தொழிலுக்குப் பேர்போன ஊர். என்பீல்ட் நிறுவனத்தின் வேரும் ஓர் ஊசித் தொழிற்சாலையே. துளையில்லாத ஊசியொன்றினால் செல்வத்தைத் துறந்தவர் பட்டினத்தார் என்பர். ஊசிக்காரரின் வண்டி எங்கெங்கோ சுற்றி அவர் ஊருக்கே வந்து சேர்ந்ததைச் சொன்னோம். தங்கை சிரித்தாள். விபத்தின் பின் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கண்டோம்.

அங்கிருந்து திரும்புகையில்தான் பாய் கண்டதை மருமகன் தாயிடம் சொன்னான். அவள் வெகுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள். “அவர் போனபின் அந்தத் துணியை நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன்,” என்றாள் முடிவில்.

குறித்த நாளிற் சென்றபோது பாய் இறுதிக் கம்பிகளை மருமகனைக் கொண்டே முறுக்குவித்தார். தாங்கியில் சில்லு சுழன்றது. விளிம்பருகே நீட்டிய சிறு கம்பியை ஒருபுறம் தொட்டால், தொட்ட இடத்திலே கால் திருப்பு. எதிர்ப்புறத்திலே கால் தளர்த்து. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இது நடந்தது. பின்னர் தட்டிப் பார்த்தார்கள். கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே சுருதியில் ஒலித்தன. கூலி நாம் நினைத்ததிற் பாதியும் இல்லை.

வளைந்த பழைய விளிம்பை இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகப் பாய் கேட்டார். தங்கை அதைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். இப்போது அது வளசரவாக்கத்து மொட்டைமாடியிலே இரண்டு தடிகளின் நடுவே கட்டப்பட்டிருக்கிறது. நாம் பலாலிக்கு விமானமேறும் நாளில், அவள் நட்ட பாகற்கொடி அதன் முதற் துளையை எட்டியிருந்தது.