நியூட்ரல் போன ராத்திரி

நங்கநல்லூரில் நாங்கள் இருக்கும் குடியிருப்பு 1984-இல் கட்டியது. தரைத் தளமும் இரண்டு மாடியும், தளத்துக்கு நான்கு வீடு. மூன்று ஃபேன், நாலு டியூப் லைட், ஒரு மிக்ஸி, மிஞ்சினால் ஒரு ஃபிரிட்ஜ் என்று அந்தக் காலத்துக் குடும்பத்தை மனத்தில் வைத்து ஒயர் இழுத்திருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் மரப்பலகை, அதில் பன்னிரண்டு மீட்டர், பக்கத்தில் பீங்கான் பீஸ் கேரியர்கள். அண்மைக்காலம்வரை அதே ஒயரில் பதினான்கு ஏசி ஓடியது. கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் தனி.

போன மே மாதம் ஒரு ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் வீட்டு விளக்கு மங்கி, ஃபேன் தள்ளாடியது. லோ வோல்டேஜ் என்று நினைத்து ஏசியை நிறுத்த எழுந்தேன். அதற்குள் முதல் மாடி அம்மாவின் குரல். “தம்பி, எங்க வீட்டு பல்பு பளீர்னு எரியுது. டிவியிலேர்ந்து பொகை வருது, சீக்கிரம் வாங்க!” நான் படியிறங்கி ஓடி மெயினை இறக்குவதற்குள் அவர் வீட்டு டிவியும் ஃபிரிட்ஜும் போய்விட்டன. கணவர் காலமான பிறகு தனியாக இருப்பவர். ஏசி கிடையாது. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டைத் தாண்டுவதே அபூர்வம்.

காலையில் எலக்ட்ரீஷியன் வந்து மெயின் பெட்டியைத் திறந்தார். நியூட்ரல் இணைப்பில் திருகைச் சுற்றிக் கரி. விரலால் தொட்டதும் ஒயரின் மேலுறை அப்பளம்போல நொறுங்கியது. “அலுமினியம் சார். சூடானா விரியும், ஆறினா சுருங்கும். நாப்பது வருஷம் இப்படியே ஆடினா எந்தத் திருகு நிக்கும்?” என்றார். தளர்ந்த இடத்தில் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படிகிறது. அது மின்சாரத்தை விடாது, அங்கேயே சூடு ஏறுகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. ஒவ்வொரு புது ஏசிக்கும் அந்தத் திருகு கூடுதலாகக் காய்ந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கட்டடத்துக்குள் வருவது நாலு கம்பி: மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். பேஸுக்கு நாலு வீடு. நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரை எல்லார் வீட்டுக்கும் 230 வோல்ட். அது விட்டுப்போனால், இரண்டு பேஸுக்கு நடுவில் இருக்கும் 400 வோல்ட்டை வீடுகளே தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதாகிறது. அதிகம் மின்சாரம் இழுக்கிற பேஸில் வோல்டேஜ் சரியும். குறைவாக இழுக்கிற பேஸில் எகிறும். அந்த அம்மாவின் பேஸில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, இன்னொன்றில் வயதான தம்பதி. ஏசி போட்டிருந்த எங்கள் வீட்டில் விளக்கு மங்கியதோடு சரி. ஒரு ஃபேனும் ஒரு பல்புமாக இருந்தவர் வீட்டில் சாமான் எரிந்தது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கினோம். செம்பு விலை ஏறி இறங்குவதால் ஒரு வாரத்துக்கு மேல் விலை நிற்காது என்று மூவருமே எழுதிக் கொடுத்தார்கள். மரப்பலகையை எடுத்துவிட்டு இரும்பு பேனல், வீடு ஒவ்வொன்றுக்கும் கீழிருந்து புதிதாகச் செம்பு மெயின் ஒயர், எம்சிபி, கசிவைப் பார்க்கும் ஆர்சிசிபி, இரண்டு எர்த் குழி, கூலி எல்லாம் சேர்த்து 4,86,000 ரூபாய். வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் 40,500.

எர்த் குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய குழி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பச்சை ஒயரைப் பின்தொடர்ந்து போனால், பத்து வருஷத்துக்கு முன்னால் கார் நிறுத்த நாங்களே ஆசையாகப் போட்ட சிமெண்ட் கல்லுக்கு அடியில் போய் முடிந்தது. கல்லைப் பெயர்த்துத் தோண்டினோம். கரியும் உப்பும் போட்டு நிரப்பி, கோடையில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டிய குழி சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. இரும்புக் குழாய் கையோடு உதிர்ந்து வந்தது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு கீசரும் வாஷிங் மெஷினும் இதை நம்பித்தான் ஓடியிருக்கின்றன. அந்த வாஷிங் மெஷின்களை ஈரக் கையோடு தொட்ட குழந்தைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் சமப் பங்கு என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. எல்லார் பத்திரத்திலும் மனைப் பங்கு ஒன்றுதானே என்றார்கள். வெளிநாட்டிலிருந்து போனில் பேசிய வீட்டுக்காரர் குடியிருப்பவர் கொடுக்கட்டும் என்றார், குடியிருப்பவர் வீடு என்னுடையதா என்றார். எனக்குச் சமப் பங்கில் உடன்பாடில்லை. பெயிண்ட் அடிப்பதற்குச் சமப் பங்கு சரி. கம்பி தடிமனாக வேண்டியது யாருக்காக? என் வீட்டு இரண்டு ஏசிக்காக. அதற்கு அந்த அம்மா ஏன் பணம் கட்ட வேண்டும்? எழுந்து நின்று இதைச் சொன்னேன். இரண்டு மணி நேரம் பேசி, கணக்கை இரண்டாகப் பிரித்தோம். நியூட்ரல், எர்த், பேனல் ஆகியவை எல்லார் உயிருக்கும் பொது. அதற்கான 1,92,000 வீட்டுக்குச் சமமாக 16,000. மீதி 2,94,000 வீடுகள் எழுதிக் கொடுத்த லோடின்படி, கிலோவாட்டுக்கு 6,000. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து 49 கிலோவாட் வந்தது. ஆறு கிலோவாட் எழுதிய எனக்கு 52,000. இரண்டு கிலோவாட் எழுதிய அந்த அம்மாவுக்கு 28,000. எரிந்த டிவிக்கும் ஃபிரிட்ஜுக்கும் சங்கப் பணத்திலிருந்து கொடுப்பது என்று அன்றே தீர்மானம் எழுதினோம். அதை ஒருவரும் எதிர்க்கவில்லை.

மின்வாரியத்துக்கு விண்ணப்பித்து மீட்டர்களை மாற்றிவைத்து வேலை முடிய ஆறு வாரம். புது ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். முதல் வாரத்திலேயே மூன்று வீட்டில் அது விழுந்துகொண்டே இருந்தது. ஒருவர் அதைக் கழற்றி நேராகக் கொடுத்துவிடச் சொன்னார். எலக்ட்ரீஷியன் மறுத்துவிட்டார். கழற்றச் சொன்னவர் வீட்டுக் கீசர் காயில் கசிந்துகொண்டிருந்தது, கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்னொரு வீட்டிலும் கீசர்தான்.

மூன்றாவது அந்த அம்மாவின் வீடு. அங்கே கசிவது சுவருக்குள் இருக்கும் ஒயர். மின்காப்பைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்தால் ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டிய இடத்தில் முள் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. பழைய குழாயில் ஒயர் கோக்கும் ஸ்பிரிங் நுழையாததால் சுவரில் காடி வெட்டித்தான் புது ஒயர் இழுக்க வேண்டும். அதற்கு 62,000 ஆகும். அது அவர் வீட்டுக்கு உள்ளே வருவதால் அவர் செலவு என்பதுதான் சங்கத்தின் வழக்கம். இப்போதைக்கு இரண்டு அறையைத் துண்டித்துவிட்டதால், கூடத்திலும் சமையலறையிலும் மட்டும் விளக்கு எரிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதல் பொருளாக அதைத்தான் எழுதியிருக்கிறேன்.