மிளகு சைஸில் ஒரு நெருப்பு

மழைத்துளியைக் காலண்டர் ஓவியர்கள் எப்போதும் மேலே கூராக, கீழே குண்டாக, சாம்பார் வெங்காயம் மாதிரி வரைகிறார்கள். எந்தத் துளியும் அப்படி விழுவதில்லை. சின்னத் துளி பிரிந்து விழ ஆரம்பித்ததுமே உருண்டையாகிவிடும். பெரிய துளி என்றால் அடியில் காற்று முட்டி, பன் மாதிரி தட்டையாகும். கூர்முனை மட்டும் கிடையவே கிடையாது.

ஏன் உருண்டை? காலை எட்டரைக்குத் தாம்பரம் - பீச் எலெக்ட்ரிக் டிரெயினைப் பாருங்கள். ஃபுட்போர்டில் தொங்குகிறவனுக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான்: உள்ளே போவது. திரவத்தின் மேற்பரப்பில் உள்ள அணுக்களும் அப்படியே. உள்ளே இருப்பவற்றைப் பிடித்துக்கொள்ள நாலாபுறமும் ஆள் உண்டு. ஓரத்தில் இருப்பதற்கு வெளிப்பக்கம் யாருமில்லை, அதனால் உள்பக்கமாகவே இழுபடுகிறது. ஓரம் குறையக் குறைய நிம்மதி. ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த பரப்பு உள்ள வடிவம் உருண்டைதான். பள்ளியில் பரப்பு இழுவிசை என்று மனப்பாடம் செய்தோமே, அது இவ்வளவுதான்.

உலோகம் உருகினால் இந்த இழுப்பு பல மடங்கு. தண்ணீரோடு ஒப்பிட்டால் காரீயத்துக்குச் சுமார் 6 மடங்கு, தங்கத்துக்கு 15, இரும்புக்கு 25. தங்க அரத்தூளைக் கரித்துண்டில் வைத்து நகைப் பத்தர் ஊதுகுழலால் ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். தூள் கூடி, உருகி, சட்டென்று ஒரு மணியாக உருளும். ஆனால் பெரிய கட்டியாக இருந்தால் அதன் எடையே அதை அமுக்கி இட்லி போலாக்கிவிடும். கீழே விழுகிற துளிக்கு அந்தத் தொல்லை இல்லை. லிஃப்ட் இறங்கும்போது நம் வயிறு லேசாகிறதே, துளிக்கு வழி பூரா அந்த சுகம்தான். அமுக்க ஆளில்லை, பரப்பு இழுவிசையின் ராஜ்ஜியம்.

இதை வைத்துப் பணம் பண்ணியவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ். தொழில் பிளம்பர். துப்பாக்கி ரவையை அச்சில் வார்க்காமல், உருகிய காரீயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து சொட்ட விட்டார். வழியிலேயே உருண்டை, கீழே தண்ணீரில் விழுந்து கெட்டி. ஓட்டம் சீராக வரக் காரீயத்தில் துளி ஆர்சனிக். 1782-ல் காப்புரிமையும் வாங்கினார். உயரம் போதாமல் சொந்த வீட்டின் மேலேயே கோபுரம் கட்டி, அடியில் கிணறும் வெட்டினார். வீட்டுக்காரம்மா என்ன சொன்னார் என்று சரித்திரத்தில் இல்லை. 1828-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் 234 அடிக்கு ஒரு ரவைக் கோபுரம் எழும்பியது. மெல்போர்னில் ஒரு பழைய கோபுரத்தை இடிக்க மனமில்லாமல் அதைச் சுற்றி ஷாப்பிங் சென்டரே கட்டிவிட்டார்கள்.

எங்கள் நாவலூரில் ரவைக் கோபுரம் கிடையாது. ஆனால் நான் குடியிருக்கும் ரூமுக்கு எதிரே பன்னிரண்டு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ராத்திரி ஷிஃப்டில் உச்சியில் கேஸ் கட்டிங். ஆரஞ்சுப் பொறி கொட்டும்.

"டெய்லி தீபாவளிதான் தம்பி, காசில்லாம பாக்கலாம்" என்பார் எங்கள் வாட்ச்மேன் அண்ணாச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பேப்பரில் சுற்றி அந்த மண்ணில் உருட்டினேன். கடுகும் மிளகுமாகக் கறுப்பு உருண்டைகள் ஒட்டிக்கொண்டன. வாட்ஸ் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எனக்கு சந்தோஷம் நிலைக்கவில்லை. உருண்டைக்குப் பரப்பு குறைவு என்றேனே, பரப்பு குறைந்தால் சூடு வெளியேறும் வழியும் குறைவு. பன்னிரண்டு மாடியிலிருந்து விழ மூன்று விநாடி போல ஆகும். கடுகு அதற்குள் பெரும்பாலும் கறுத்துவிடும். மிளகு கறுக்காது, கனன்றபடியே வந்து சேரும், உருண்டு இடுக்கில் ஒளியும். பெயர் பெற்ற அமெரிக்கத் தீத்தடுப்பு விதி, இந்த வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் தள்ளியும் போகும்.

நான் உருண்டை பொறுக்கிய இடத்திலிருந்து பத்தடியில் தொழிலாளிகளின் தகரக் கொட்டகை. மேலே நீலத் தார்ப்பாய், அதில் மிளகு அளவில் நாலு ஓட்டை, ஓரம் கருகி. உள்ளே ஒரு புடவைத் தூளி. தூளியில் குழந்தை.

காந்தத்தோடு நேராக சைட் சூப்பர்வைசரிடம் போனேன். உருண்டைகளைக் காட்டினேன், ஓட்டைகளைக் காட்டினேன். அவர் அசரவில்லை.

"சார் எந்த டிபார்ட்மெண்ட்?"

"ஐ.டி."

அவர் முகம் மாறியது. இன்கம்டாக்ஸ் என்று நினைத்திருக்க வேண்டும். நான் விளக்கம் தரவில்லை.

மூன்றாம் நாள் கொட்டகை மனையின் மறுகோடிக்குப் போயிருந்தது. கட்டிங் நடக்கும் தளத்தில் தகரத் தட்டு, ஈரச் சாக்கு. கீழே மணல் வாளியோடு ஓர் ஆள். அண்ணாச்சிக்குத்தான் வருத்தம்: "தீபாவளிய நிறுத்திப்புட்டீயளே தம்பி!"

உங்கள் தெருவிலும் மாடி எழும்பிக்கொண்டிருக்கும். ராத்திரி பொறி விழுந்தால் ரசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு, பொறி விழும் இடத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.